கொடிக்காரன் சட்டையைக் கழற்றிய கதை

எங்கள் வாசிகசாலைக்கு அன்பளிப்பாக வரும் நூல்களை ஆராய்ந்து ஏற்பதற்கு ஓர் உபகுழு உண்டு என்று கூட்டத்தில் சொன்னவன் நான். அப்படி ஓர் உபகுழு அதுவரை இருக்கவில்லை. ஆனால் அமைப்பு விதிகளில் அதற்கு இடம் இருந்தது; அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிடம் பிடித்தது. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோர்களில் இருந்தவனுக்கு இது பெரிய வேலையல்ல. ஒரு காரியத்தைச் செய்வதற்குப் பெரும்பாலும் ஒரு வழிதான் இருக்கும். செய்யாமல் வைத்திருக்கப் பத்து வழி இருக்கும், பத்தும் விதிகளுக்கு அமைவாகவே இருக்கும்.

அந்த உபகுழுவின் பெயரால் ஆறு வாரம் என் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது ஒரு சித்திரக்கதைப் புத்தகம். தலையணை அளவு, அறுநூறு பக்கம், எல்லாம் நிறப்படம், எல்லாம் ஆங்கிலம். அட்டையில் ஒருவன் தன் நாட்டுக் கொடியையே சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கொடிக்கம்பத்தை ஊன்றி மதிலுக்கு மேலாகப் பாய்கிறான். கனடாவிலிருந்து வந்த என் நண்பனின் மகள் தகப்பனுக்கென்று கொண்டுவந்து, தகப்பனின் விருப்பப்படி வாசிகசாலைக்குக் கொடுத்த புத்தகம் அது. வாசிகசாலையின் செயலாளர் நான். நண்பன் இணுவிலில் வெங்காயம் செய்கிற கமக்காரன். இரண்டு பேருக்கும் எழுபத்துமூன்று வயது. அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அந்த ஆறு வாரமும் எனக்குச் சாதகமாக இருந்த ஒரே விடயம் அதுதான்.

நான் ஏன் ஒளித்தேன் என்பதற்கு அறுபத்துமூன்று வருடம் பின்னால் போகவேண்டும்.

நாங்கள் உடுவிலில் இருந்த மிஷன் குடும்பம். அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞர். அந்த நாளில் கடலுக்கு அப்பாலிருந்து சபையாருக்குப் பழைய உடுப்பும் சப்பாத்தும் பெரிய பெட்டிகளில் வரும். அந்தச் சப்பாத்துகள் ஊரில் ஒருவருடைய காலுக்கும் அளவாக இருந்ததில்லை. ஆனால் சப்பாத்து நசியாமல் இருப்பதற்காக அதற்குள் கடதாசி திணித்திருப்பார்கள். அந்தக் கடதாசியில்தான் கொடிக்காரன் வந்தான். நான் பக்கங்களைப் பக்குவமாக வெளியே எடுப்பேன். அம்மா ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தித் தருவார். இடதுகால் சப்பாத்தில் ஒரு கதையின் தொடக்கம் இருக்கும், வலதுகாலில் வேறொரு கதையின் முடிவு இருக்கும். ஒரு சோடி முழுதாக அமைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

உடுவிலுக்கும் இணுவிலுக்கும் நடுவில் புகையிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு மதகு இருந்தது. பின்னேரங்களில் அதில்தான் நாங்கள் இருப்போம். அவன் சைவப் பள்ளிக்கூடம், நான் மிஷன் பள்ளிக்கூடம். அவன் வீட்டாருக்கு நான் வேதக்காரப் பெடியன், என் வீட்டாருக்கு அவன் தோட்டத்துப் பெடியன். இரண்டு வீட்டுக்கும் இந்தச் சிநேகிதத்தில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை. நான் படத்தைக் காட்டிக் கதையைத் தமிழில் சொல்வேன். அவன் மடியிலிருந்து புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, எடுத்துத் தருவான்.

என் ஆங்கிலம் வகுப்பில் முதலாவது. ஆனால் கொடிக்காரன் பேசிய ஆங்கிலம் எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் இருக்கவில்லை. எங்கள் புத்தகத்தில் ஒருவரும் ஒருவரையும் தாடையில் குத்தியதில்லை. ஆகவே விளங்காத இடங்களையும், இல்லாத பக்கங்களையும் நானே நிரப்பினேன். ஒரு கச்சேரி எழுதுவினைஞரின் மகன் எதைக் கொண்டு நிரப்புவான்? எங்கள் வீட்டில் மாமரத்தில் கல்லெறிவதற்கே அனுமதி கேட்கவேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் காரணம் சொல்லப்படும். படலைக்கு வெளியே அதே வேலையை ஊர் அதிகாரியான விதானையார் பார்த்தார். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

"பேந்து?" என்பான் அவன்.

"பேந்து மதிலாலை பாயப் போறான்."

"அப்ப ஏன் படத்திலை நிக்கிறான்?"

"அது ஆற்றையோ காணி. விதானையாரிட்டைக் கேக்காமல் ஏலாது."

"அவையின்ரை ஊரிலையும் விதானையார் இருக்கிறாரோ?"

"விதானையார் இல்லாத ஊர் எங்கையடா இருக்கு?"

அவன் யோசித்துப் பார்த்தான். "அதுவும் சரிதான்."

இப்படித்தான் என் கொடிக்காரன் வளர்ந்தான். கள்ளனைத் துரத்துவதற்கு முன் முறைப்பாடு எழுதி வாங்கினான். அடிப்பதற்கு முன் பெயரும் முகவரியும் கேட்டான். ஒருமுறை நகரமே எரிந்துகொண்டிருந்தபோது அவனுக்கு லீவு. பதிலுக்குக் கடமை பார்க்க ஆள் வரும்வரை காத்திருந்தான். அந்த இடத்தில் என் நண்பன் மதகில் எழும்பியே நின்றுவிட்டான், அவ்வளவு பதற்றம்.

வேறொரு நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு பாய்கிற ஒருவனை நாங்கள் ஏன் அப்படி விரும்பினோம் என்று பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். கொடி எங்களுடையது அல்ல என்பதே முதற்காரணம் என்று நினைக்கிறேன். எங்களுடையது என்று யாராவது ஒரு கொடியைக் காட்டினால் உடனே எழும்பி நிற்கவேண்டும், அல்லது எழும்பாமல் இருந்ததற்கு விளக்கம் கொடுக்கவேண்டும். என் ஆயுளில் இரண்டும் செய்திருக்கிறேன். கொடிக்காரனின் கொடிக்கு முன்னால் கால் நீட்டிக்கொண்டு புழுக்கொடியல் சப்பலாம். இரண்டாவது காரணம், அவன் அரசாங்க உத்தியோகத்தன். சீருடை, மேலதிகாரி, உத்தரவு எல்லாம் இருந்தன. பறக்கிற வீரர்களும் அந்தச் சப்பாத்துகளில் வந்தார்கள், ஆனால் அவர்களுக்கு நிரந்தர உத்தியோகம் இருந்ததாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்டவனை ஆர் மதிப்பார்கள்? கொடிக்காரனுக்குப் பென்சன் உண்டு என்று நான் நண்பனுக்கு உறுதி சொல்லியிருந்தேன்.

இனி அந்த ஒரு கதை. பெரிய தளபதி ஒருவர் கொடிக்காரனைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். மலையடிவாரத்தில் ஒரு கிராமம், மேலே ஒரு அணை. அணையின் கதவைத் திறந்து கிராமத்தைத் தண்ணீரில் விடவேண்டும் என்பது உத்தரவு. கொடிக்காரன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தளபதியைப் பார்க்கிறான். அத்தோடு சப்பாத்து முடிந்துவிட்டது.

"பேந்து?"

அந்தக் கிழமை அப்பாவுக்கு ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றம். பொறுப்புக் கையளித்துவிட்டு வந்து, திறப்பு, முத்திரை, கோவை என்று எது எதற்கு ஆர் ஆர் ஒப்பம் வைத்துப் பற்றுத்துண்டு எழுதிக் கொடுத்தார்கள் என்பதை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தலைக்குள் வேறு ஒன்றும் இருக்கவில்லை. பொழுதும் படப்போகிறது. ஆகவே சொன்னேன்:

"கொடிக்காரன் ஒண்டும் பேசேல்லை. கொடிச் சட்டையைக் கழட்டினான். நாலா மடிச்சுத் தளபதியின்ரை மேசையிலை வைச்சான். 'பெற்றுக்கொண்டதெண்டு ஒரு துண்டு தாங்கோ' எண்டு கேட்டான். துண்டை வாங்கிக்கொண்டு பெனியனோடை வீட்டை நடந்து போனான்."

நண்பன் மடியில் இருந்த புழுக்கொடியல் முழுவதையும் என் கையில் கொட்டிவிட்டுப் போனான். அது நல்ல கதை என்பதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். கொடிக்காரனின் பக்கங்கள் பின்னர் ஓர் இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன. அன்று நான் தூக்கிக்கொண்டு ஓடியவை பிறப்பத்தாட்சி, நியமனக் கடிதம், சம்பள ஏற்றக் கடிதங்கள்.

பல வருடம் போனது. நான் எங்கள் பகுதிக் கந்தோர் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். நண்பன் அவன் பக்கத்துக் கமக்காரர் சங்கத்தின் தலைவர். விதை வெங்காயம் பகிர்ந்தளித்த சமயம் அது. சங்கத்தில் பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைத்ததாகப் பட்டியலில் தலைவர் ஒப்பம் வைத்து முத்திரை குத்தவேண்டும் என்று எங்கள் மேலதிகாரி ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். முறுக்கிய பெரிய மீசை வைத்த மனிதர். அந்த மீசைக்கே பாதிக் கந்தோர் பயம்.

ஒரு திங்கட்கிழமை, சனம் நிறைந்த நேரம், நண்பன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, பொறுப்புக் கையளிக்க வந்தனான்."

"என்னடா ஐயா எண்டுறாய்? கதிரையிலை இரு."

"கந்தோரிலை ஐயாதான்."

சங்கத்து றப்பர் முத்திரையை மேசையில் வைத்தான். களஞ்சியப் பூட்டின் திறப்பை வைத்தான். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். விழாவொன்றுக்குச் சங்கம் தைத்துக் கொடுத்த சட்டை; பையில் நெற்கதிர் அடையாளம். எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

"டேய், வேண்டாமடா," என்றேன் மெல்லிய குரலில். "சட்டை தேவையில்லை. நடைமுறையிலை அது இல்லை."

அவன் சட்டையை நாலாக மடித்தான். கரையோடு கரை சேர்த்து, கவனமாக. "பெற்றுக்கொண்டதெண்டு ஒரு துண்டு தாங்கோ."

தட்டெழுத்து மேசைகளில் சத்தம் நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒரு ஆச்சி, "என்ன மோனை, டாக்குத்தர் இஞ்சையும் வந்திருக்கிறாரோ?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். நான் பேனாவை எடுத்தேன். வேறு என்ன செய்வது? கையளிக்கப்பட்ட பொருளுக்குத் துண்டு கொடுக்காமல் விடமுடியாது. எழுதினேன்: றப்பர் முத்திரை ஒன்று, திறப்பு ஒன்று, மேற்சட்டை (பாவித்தது) ஒன்று. ஒப்பமும் திகதியும் வைத்தேன். அவன் அதை வாசித்து, மடித்து, பெனியனுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் இணுவிலுக்குப் போனான்.

பட்டியல் ஒப்பமில்லாமல் நின்றுபோனது. ஒரு விசாரணை நடந்தது. மிச்சப் பேருக்கும் விதை வெங்காயம் வந்தது, நடுகைக் காலம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு. நண்பன் மறுபடியும் தலைவராகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெயர் கிடைத்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் அந்த அணைக்கட்டுக் கதையைச் சொன்னான். ஊர் அவனையே கொடிக்காரன் ஆக்கியது. இன்றைக்கும் இணுவில் சந்தியில் அவன் சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். கொடிக்காரன் வீடு என்றால் கை தானாக நீளும். ஒரு பிரச்சினையில் இரண்டு பக்கமும் நம்பிக் கூப்பிடுகிற ஆள் அவன். அந்த நம்பிக்கைக்கு அத்திவாரம் பத்து வயதில் நான் விட்ட புளுகு. அவனிடம் அதை நான் சொல்லவில்லை. அதற்கான சந்தர்ப்பம் வரவில்லை என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக் கோவையை மூடிவிட்டேன்.

அப்போதுதான் கனடாப் புத்தகம் வந்தது.

"அப்பா, உங்கடை ஆள்! பழைய கதை முழுக்க இதிலை இருக்கு," என்று மகள் அவன் மடியில் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். நண்பன் அட்டையைக் கையால் தடவினான். உடனே திட்டம் போட்டுவிட்டான். வாசிகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் புத்தகத்தைக் கையளிப்பது. அங்கே ஆங்கிலம் படிப்பிக்கும் ரீச்சர் அணைக்கட்டுக் கதையைப் புத்தகத்தில் இருந்தபடியே வாசித்துக் காட்டுவது. பிறகு அவன் தமிழில் சொல்வது.

"சனம் ஒருக்கால் மூலத்தைக் கேக்கட்டுமன்," என்றான்.

பதிவதற்கென்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, அன்று பின்னேரமே வாசித்தேன். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் தளபதி கடிதத்தைக் கொடுக்கிறார். கொடிக்காரன் அவரைப் பார்க்கிறான். அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்கு அறுபத்துமூன்று வருடம் பிடித்திருக்கிறது. திருப்பினேன். கொடிக்காரன் எட்டித் தளபதியின் மீசையைப் பிடித்து இழுக்கிறான். மீசை கையோடு வருகிறது! அவர் தளபதியே அல்ல. எதிரி நாட்டு உளவாளி. தாடையில் ஒரு குத்து. மெய்யான தளபதி அலுமாரிக்குள் கட்டுண்டு கிடக்கிறார். அவரை அவிழ்த்துவிட, இருவரும் சலூட் அடிக்க, பின்னால் கொடி பறக்கிறது. கதை முடிந்தது.

மிச்சக் கதைகளையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். அவர்களுடைய நாட்டில் பிழையான உத்தரவு போடுகிறவன் எப்போதும் வேசம் போட்ட வேற்றாளாகவே இருக்கிறான். மீசையை இழுத்தால் நாடு மறுபடியும் நல்லதாகிவிடும். இந்த வீரன் ஏன் இத்தனை காலம் நின்று பிடிக்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கியது. நாடும் நியாயமும் ஒன்றுக்கொன்று முகம் முறிக்காத ஓர் உலகத்தில் அவன் வேலை செய்கிறான். அதற்கு ஆர்தான் ஆசைப்பட மாட்டார்கள்?

ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் ரீச்சர் இதை வாசித்தால், முப்பது வருடமாக என் நண்பன் ஊருக்குச் சொன்னது பொய்யாகிவிடும். பெனியனோடு நின்றவன் ஒரு கட்டுக்கதையை நம்பி நின்றவன் ஆகிவிடுவான். என்னை அவன் என்ன செய்வான் என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை.

ஆகவே உபகுழு. முதலில் அதற்கு மூன்று பேர் தேவை. ஒருவர் கொழும்புக்குப் போயிருந்தார். அடுத்து, பிறமொழி நூல்களுக்குத் தனிப் பதிவேடு தேவை. இருந்த பதிவேட்டில் கோடுகள் பிழையாக அடிக்கப்பட்டிருந்தன. பிறகு, படங்கள் உள்ள நூல்கள் சிறுவர் பகுதிக்கா பெரியவர் பகுதிக்கா என்ற கேள்வி எழுந்தது. எழுப்பியவனும் நான், ஆழமாகப் பரிசீலிக்கவேண்டும் என்றவனும் நான். நண்பன் வாரத்துக்கு ஒருமுறை படலையடியில் வந்து நின்றான்.

"என்னடாப்பா, என்ன நிலவரம்?"

"பரிசீலனையிலை கிடக்கு."

"அவன் பத்துமாடி ஏறிக் கள்ளனைப் பிடிக்கிறான். உனக்கு ஒரு முத்திரை குத்த ஒண்டரை மாதம் வேணுமோ?"

ஆறாம் வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அவனுடைய கையெழுத்து, என்னிடமே கற்றுக்கொண்ட நடை. 'எனது ஐந்து வாய்மொழி ஞாபகமூட்டல்கள் தொடர்பாக' என்று தொடங்கி, தாமதத்துக்கான காரணத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தரும்படி கேட்டிருந்தான். அடியில்: பிரதிகள், தலைவர், பொருளாளர், செயலாளரின் துணைவியார் (தேவையான நடவடிக்கைக்காக).

மனைவி தன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார். அவருக்கு முழுக் கதையும் தெரியும்.

"இஞ்சருங்கோ, எனக்கும் ஒண்டு வந்திருக்கு. நடவடிக்கை எடுக்கட்டாம்."

"எடுங்கோவன்."

"எடுத்திட்டன். சட்டையைப் போடுங்கோ. புத்தகத்தையும் கொண்டு போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

நண்பன் வீட்டு விறாந்தையில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி "வாங்கோ அண்ணை" என்று கதிரை போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார். நான் புத்தகத்தைத் திறந்து, படத்தைக் காட்டி, பக்கம் பக்கமாக உள்ளபடி சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. மீசை கழன்ற இடத்தில் அவன் கை நின்றது.

"பேந்து?"

"அவ்வளவுதான்."

"சட்டை?"

"கழட்டேல்லை."

"துண்டு?"

"அது நான்தான். அப்பா அந்தக் கிழமை பொறுப்புக் குடுத்தவர். எனக்கு வேறை ஒண்டும் வரேல்லை."

அவன் ஒரு பிடி வெங்காயத்தைக் கட்டி முடித்தான். "அப்ப நான் உன்ரை கந்தோரிலை துண்டு கேக்கேக்கை, உனக்குத் தெரியும் அது நீ சொன்ன புளுகெண்டு."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனி."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ 'பாவித்தது' எண்டும் போட்டனி?"

அது பாவித்த சட்டைதான். ஆனால் அந்த நேரத்தில் அதை விளக்கமுடியுமா?

"கூட்டம் ஞாயிற்றுக்கிழமை," என்றான். "புத்தகத்தை மேசையிலை வை. ரீச்சர் வாசிக்கட்டும். போ."

எங்களூரில் வாசல் தாண்டுகிறவனைப் பார்த்துப் 'போ' என்று ஒருவரும் சொல்வதில்லை. கடன்காரனுக்கும் 'போட்டு வா', அதாவது போய்விட்டு வா, என்றுதான் சொல்வார்கள். தேத்தண்ணி வருமுன் நான் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் வந்திருந்தார்கள். நான் ஓரத்து மேசையில் கூட்டக்குறிப்பு எழுத இருந்தேன். நண்பன் என் பக்கம் திரும்பவில்லை. ரீச்சர் நல்ல பிள்ளை. படத்தைத் தூக்கிக் காட்டி, ஆங்கிலத்தில் வாசித்து, உடனுக்குடன் தமிழிலும் சொன்னார். மீசை கழன்றபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அலுமாரி திறந்தபோது சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சட்டை கழட்டின இடம் எங்கை?" என்று ஒரு குரல் கேட்டது. "வரும், வரும், பொறு," என்றது இன்னொன்று. ரீச்சர் புத்தகத்தை மூடினார். அது வரவில்லை.

நண்பன் எழும்பினான். நான் பேனாவைப் பிடித்திருந்தேன், எழுதவில்லை.

"புத்தகத்திலை இருக்கிறது இவ்வளவுதான்," என்றான். "நான் உங்களுக்கு இவ்வளவு காலமும் சொன்னது இதிலை இல்லை. அது உவர், அந்தா குறிப்பெழுதிக்கொண்டு இருக்கிறார், உவர் பத்து வயதிலை மதகிலை இருந்து புளுகினது."

ஐம்பது தலையும் என்னை நோக்கித் திரும்பின. பொருளாளர் பலமாகச் சிரித்தார்.

"சிரியுங்கோ. அதை நம்பித்தான் நான் கந்தோரிலை சட்டை கழட்டினனான். மூண்டு நாளா எனக்கும் வெக்கமாத்தான் கிடந்தது. பேந்து வெங்காயம் கட்டேக்கை ஒண்டு யோசிச்சன். அண்டைக்கு அந்தப் பட்டியலுக்கு ஒப்பம் வையெண்டு சொன்னவருக்கும் பெரிய மீசை. உங்களிலை கனபேருக்கு ஞாபகமிருக்கும். நான் அதைப் பிடிச்சு இழுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?"

அவன் விரல்களால் காற்றில் ஒரு மீசையை இழுத்துக் காட்டினான்.

"மீசை வந்திராது. அது சொந்த மீசை. அவர் மெய்யான அதிகாரி, உத்தரவும் மெய்யான உத்தரவு. அலுமாரியைத் திறந்தாலும் உள்ளுக்கு வேறை நல்ல அதிகாரி ஒருத்தரும் கட்டிக் கிடந்திரார். மீசை கழராட்டில் என்ன செய்யிறதெண்டு இந்தப் புத்தகத்திலை இல்லை. அதுக்கு உவர் சொன்ன கதைதான் கிடந்தது. புளுகோ என்னவோ, எனக்கு அதுதான் உதவினது. புத்தகத்தை எல்லாரும் வாசியுங்கோ, படம் திறம்."

திரும்பக் கதிரையில் இருந்துவிட்டான். பிறகு பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அவனுக்கா, எனக்கா, அந்த மீசைக்காரருக்கா என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருடமும் நான் வைத்த ஒப்பமெல்லாம் 'செயலாளருக்காக', 'அதிபருக்காக' என்று வேறொருவருக்காக வைத்ததுதான். நானே ஆக்கிய ஒன்றை இன்னார் ஆக்கியது என்று ஐம்பது பேருக்கு முன்னால் சொல்லக் கேட்டது அதுதான் முதற்தடவை. அதுவும் புளுகு என்ற தலைப்பின் கீழ். கூட்டக்குறிப்பில் அந்த இடத்தில் 'அங்கத்தவர் ஒருவர் கருத்துரைத்தார்' என்று மட்டும் எழுதினேன்.

முடிந்து வெளியே வந்தபோது அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நடந்தான். தபால்கந்தோரடிக்கு வந்துவிட்டோம்.

"மற்றக் கதையளும் பாக்கோணும்," என்றான் திடீரென்று. "எது உள்ளது, எது நீ வைச்சுத் தைச்சது எண்டு. முதல் பக்கத்திலை இருந்து."

"அறுநூறு பக்கமடா."

"எனக்கென்ன, தோட்டம் இப்ப மகன்தானே பாக்கிறான். அது சரி, அவன்ரை தாய்?"

மறந்தே போயிருந்தேன். மழை பெய்து மதகில் விறைத்துப்போய் இருந்த நாட்களில், கொடிக்காரன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் கதைகளைச் சொல்லியிருக்கிறேன். அவன் ஈரத்தோடு வருவான். தாய் பிலாவிலையைக் கோலி ஒடியற்கூழ் வார்த்துக் கொடுப்பாள். இறாலெல்லாம் அவனுக்குத்தான் வரும்.

"தாய் இருக்கோ இல்லையோ? உள்ளதைச் சொல்லு."

"இல்லை," என்றேன். "முதலாம் பக்கத்திலேயே போட்டிருக்கு. அநாதை மடத்திலை வளந்தவன்."

அவன் சைக்கிளை நிற்பாட்டினான். மீசை கழன்றதற்கும் சட்டை கழற்றாததற்கும் அவன் முகம் அப்படிப் போகவில்லை.

"ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப அவ்வளவு பாய்ச்சலும் பாஞ்சிட்டு வந்து," என்றான், "பொடியன் சாப்பாட்டுக்கு எங்கையடா போனவன்?"